ஏகாதசி விரதமிருந்த ஆடு

அன்புள்ள மகனுக்கு,

உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரையும் அச்சடித்துவிட்டதால், உனக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதாக ஒரு பிரமை. என்னிடம் நல்ல வார்த்தைகள் அதிகம் இல்லை, வம்புதான் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். ஊரார் வம்பைப் பேசிப் பேசி அலுத்துவிட்டதால் இன்றைக்கு என் வம்பையே பேசுகிறேன். போன வாரம் உன் வருங்கால மாமியார், "உங்க அப்பா அம்மாவோடது லவ்வா, பெரியவங்க பாத்து வெச்சதா?" என்று கேட்டாராம். நீ, "ரெண்டும் இல்லீங்க ஆன்ட்டி, ரிசர்ச்" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டாயாம். அந்த அம்மாள் எனக்குப் போன் செய்து, "ரிசர்ச்னா என்னங்க, ரொம்ப விசாரிச்சுக் கட்டிக்கிட்டீங்களா?" என்கிறார். விசாரித்திருந்தால் உன் அப்பா என்னைக் கட்டியிருக்க மாட்டார் என்று சொல்ல நினைத்தேன். சம்பந்தியிடம் முதல் போனிலேயே உண்மை பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். உனக்கு மட்டும் முழுதாகச் சொல்கிறேன். நீ கேட்டு வளர்ந்ததெல்லாம் பாதிக் கதைதான்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு திருச்சிக்கு வந்து, ஒரு கல்லூரியின் வேதியியல் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை பார்த்தேன். உன் அப்பா அங்கே ஆராய்ச்சி மாணவர். மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்தவர். மழைக்குக் காத்திருந்து காத்திருந்து பொறுமை ரத்தத்திலேயே ஊறிய வம்சம். எனக்கும் பொறுமைக்கும் அறிமுகமே கிடையாது. அப்படிப்பட்ட என்னைத்தான் புரொபசர் அவருடைய ஆராய்ச்சிக்கு உதவியாகப் போட்டார். காரணம், என் கை நடுங்காது. வாய்தான் ஓயாதே தவிர, கை கல்.

வேலை இதுதான். உயிரோடு இருக்கும் செல் ஒன்று அட்ரினலினைச் சுரக்கும்போது பக்கத்திலேயே நின்று அதை மோப்பம் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு மூக்கு செய்ய வேண்டும். புரொபசர் வெளிநாடு போய் வந்தபோது, குதிரைவால் மாதிரி ஒரு கொத்து கார்பன் இழை வாங்கி வந்திருந்தார். ஒவ்வொரு இழையும் நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன். அதில் ஒன்றே ஒன்றைப் பிரித்தெடுத்து, ஊசி போன்ற கண்ணாடிக் குழலுக்குள் நுழைத்து, குழலின் நடுவைத் தீயில் காட்டிச் சட்டென்று இழுத்தால், கண்ணாடி ஜவ்வு மிட்டாய் மாதிரி நீண்டு மெலிந்து இழையைக் கவ்விக்கொள்ளும். பிறகு பசை வைத்து அடைத்து, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே பிளேடால் நுனியை நறுக்க வேண்டும். அதன்மேல் கொஞ்சம் மின்னழுத்தம் கொடுத்து செல்லின் அருகில் கொண்டுபோனால், அட்ரினலின் வந்து கார்பனைத் தொடுகிறபோதெல்லாம் ஒரு துளி மின்சாரம் ஓடும். ரெக்கார்டரில் உருளும் காகிதத்தின்மேல் பேனா ஒரு மேடு வரையும். மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு சுரப்பு. என் முதல் நாள் சாதனையைக் கேள்: இரண்டு மணி நேரம் வியர்வை சிந்தி நான் கண்ணாடிக்குள் அடைத்தது என் சொந்தத் தலைமுடி. உன் அப்பா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "இழை நல்லாதாங்க இருக்கு. கொஞ்சம் தேங்காயெண்ணெய் வாசம் வருது" என்றார். மனுஷருக்கு நகைச்சுவை வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதில் பெரிய கொடுமை, மூச்சு பலமாக விட்டாலே இழை பறந்துவிடும். தும்மக் கூடாது, சிரிக்கக் கூடாது, பேசவே கூடாது. திருச்சி வெயிலில், சித்திரை மாதத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டு பேர் எதிரெதிரே வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நான்! வாயை மூடிக்கொண்டு! ஸ்ரீரங்கத்துப் பஸ்ஸில் என்னோடு வருகிறவர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள். பேச முடியாத வாய்க்கு வேறு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. மத்தியானம் தேவாலய மணி அடித்ததும் டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, காஸ் சிலிண்டர் வைத்திருக்கும் அறைக்குப் பின்னால் போய், கைப்பையில் இருக்கும் சின்ன டப்பாவைத் திறந்து இரண்டு வெற்றிலை, ஒரு சிட்டிகைக்குப் பதில் ஒரு பிடி சீவல் போட்டுக்கொள்வேன். வாய் சிவந்தால் குட்டு வெளிப்படும் என்று சுண்ணாம்பைத் தொட்டும் தொடாமலும் தடவுவேன். வீட்டில் எல்லாரும் போடுகிற வெற்றிலைதான். ஆனாலும் டிகிரி படித்த பெண், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நிற்பதை யாராவது பார்த்தால் மானம் போய்விடும் அல்லவா? வாயைக் கொப்பளித்துவிட்டு நல்ல பிள்ளையாகத் திரும்பி வருவேன்.

செல்லுக்கு எங்கே போவது? உன் அப்பா விடியற்காலையில் சைக்கிளில் பாலக்கரை பாய் கடைக்குப் போவார். ஆட்டுச் சிறுநீரகத்தின் தலையில் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒரு சுரப்பி. அதை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வாங்கி வருவார். "ஊரே ஈரல் கேக்குது, நீங்க மட்டும் குல்லா கேக்கறீங்க தம்பி. என்ன வியாதிக்கு?" என்பாராம் பாய். சுரப்பியை மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான உப்பு நீரில் போட்டு, ஆக்ஸிஜன் குமிழி விட்டால் சில மணி நேரம் செல்கள் உயிரோடு இருக்கும். காலையில் ஒரு சீவல், மத்தியானம் ஒரு சீவல். (இது ஆட்டுச் சீவல். என்னுடையது வேறு.) உப்பு நீரை நான்தான் பிப்பெட்டில் வாயால் உறிஞ்சி எடுத்துக் கிண்ணத்தில் விடுவேன். அந்தக் காலத்தில் எல்லா லேபிலும் வாயால்தான் உறிஞ்சுவோம்.

காலையில் பொட்டாசியம் உப்பு ஒரு சொட்டு விட்டுச் செல்களைச் சீண்டினால், பேனா ஒரு சின்ன மேடு போடும். எறும்புப் புற்று அளவு. உன் அப்பா அதற்கே கும்பிடுவார். ஆனால் மத்தியானம், சீண்டவே வேண்டாம்; பேனா தானாக எழுந்து மலைக்கோட்டையையே வரைந்துவிடும். முதல்முறை பார்த்தபோது உன் அப்பா மௌன விரதத்தை மறந்து கத்திவிட்டார்: "தூண்டாமலே சுரக்குதுங்க! மத்தியானம் ஆனா தானா சுரக்குது!" மேஜையில் இருந்த இழையெல்லாம் பறந்து போயிற்று. இரண்டு மாதம் இப்படியே நடந்தது. புரொபசருக்குத் தலைகால் புரியவில்லை. உயிர்க்கடிகாரம் என்றார், உலகத்துக்கே புதிது என்றார். உன் அப்பாவின் ஸ்காலர்ஷிப் அந்த வருஷத்தோடு முடிகிறது. மூன்று வருஷ உழைப்புக்குக் காட்ட எறும்புப் புற்றைத் தவிர ஒன்றுமில்லாதவருக்கு மலை கிடைத்திருக்கிறது. பெங்களூரில் ஒரு கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினால் ஸ்காலர்ஷிப்பை நீட்டித்துவிடலாம் என்று புரொபசர் சொன்னார். வெள்ளிக்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை உன் அப்பா ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "இதைப் பாருங்க. பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் மத்தியானச் சுரப்பு வரவே மாட்டேங்குது. நாலு தடவை ஆயிருச்சு. நிலாவோட இதுக்குச் சம்பந்தம் இருக்குங்க!" புரொபசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அமாவாசையா, பௌர்ணமியா?" என்றார். "ரெண்டும் இல்ல சார். அதுக்கு நாலு நாள் முன்னால." நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவளுக்குக் காலண்டரே வேண்டாம். அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் ஏகாதசி. பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னால் ஏகாதசி. எங்கள் வீட்டில் ஏகாதசியன்று சோறு கிடையாது, தாம்பூலமும் கிடையாது. பாலக்கரை ஆட்டுக்கு எப்படித் தெரியும் ஏகாதசி? ஆடு விரதம் இருக்கவில்லை மகனே. நான் இருந்தேன்.

அன்று மத்தியானமே உன் அப்பா சாப்பிடப் போனதும், கிண்ணத்தில் ஆட்டை வைக்காமல் வெறும் உப்பு நீரைப் பிப்பெட்டில் உறிஞ்சி விட்டுப் பார்த்தேன், வெற்றிலை போட்ட வாயோடு. பேனா கொஞ்சம்கூடத் தயங்காமல் மலைக்கோட்டையை வரைந்தது. பாக்கில் இருக்கும் துவர்ப்புச் சரக்கும் அட்ரினலினும் கார்பனுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி, முகஜாடை ஒன்று. மூக்குக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு மாதமாக நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தது என் எச்சில்.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னொரு பக்கம். மழை பெய்த மானாவாரிக் காடு மாதிரி இருந்தது அந்த முகம். அதில் போய் யார் உப்பைத் தூவுவது? எனக்கு ஒரு அதிபுத்திசாலி யோசனை வந்தது. பேசாமல் வெற்றிலையை நிறுத்திவிட்டால் மலை தானாக மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது என்று. மறுநாள் நிறுத்தினேன். மலை மறைந்தது. உன் அப்பா ஆடிப் போனார். சுரப்பி பழசாக இருக்கும் என்று முடிவு கட்டி, புதன்கிழமை காலையில் என்னையும் அழைத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனார்.

"பாய், நேத்து வெட்டுன ஆட்டோடதக் குடுக்கறீங்களா?"

பாய் கத்தியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினார். "என்ன தம்பி சொல்றீங்க? நம்ம கடைல பழசா? முப்பது வருசமா யாவாரம் பண்றேன். ஒருத்தன் வாயில இருந்து இந்த வார்த்தை வந்ததில்ல." என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா, படிச்சவங்க. தப்பு எங்கிட்டயா?"

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் ஒருவர் நேருக்கு நேர் கேட்டும் பேசாமல் இருந்தது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

அன்று மத்தியானம் உன் அப்பா சாப்பிடவில்லை. ரெக்கார்டருக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து, நேர்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காஸ் சிலிண்டர் அறைக்குப் பின்னால் போனேன். மகனே, இதுதான் நீ கேட்டிராத பாதி. நான் டப்பாவைத் திறந்து, மூன்று வெற்றிலை, இரண்டு பிடி சீவல் வேண்டுமென்றே போட்டு, வாயைக்கூடக் கொப்பளிக்காமல் வந்து உப்பு நீரை உறிஞ்சி விட்டேன். பேனா காகிதத்தின் விளிம்பில் போய் முட்டி நின்றது. உன் அப்பா எழுந்து நின்று சிரித்தார். "செத்துப் போச்சுன்னு நெனச்சேங்க. உசுரோடதான் இருக்கு!" என்றார். அதைவிடக் கேவலமாக நான் உணர்ந்த நாள் கிடையாது. அதைவிடச் சந்தோஷமாக அவரை நான் பார்த்த நாளும் அதுவரை கிடையாது. இரண்டும் ஒரே நிமிஷத்தில் நடந்ததுதான் கொடுமை.

வியாழக்கிழமை சாயங்காலம் சுருக்கத்தைத் தட்டச்சு செய்து உறையில் போட்டு, தபால்தலைக்கு நாக்கை நீட்டினார் உன் அப்பா. "ஒட்டாதீங்க" என்றேன். வெற்றிலை டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். சிலிண்டர் அறை, பிப்பெட், ஏகாதசி எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு இல்லாமல் நான் வரைந்த மலையையும் காட்டினேன். அவர் தபால்தலையை மேஜையில் வைத்துவிட்டு, மலை வரைந்த காகிதத்தைக் கையில் எடுத்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன். திடீரென்று தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! "ஆடு ஏகாதசி இருந்துச்சு! நிலாவோட சம்பந்தம்னு எழுதியிருக்கேன்! பெங்களூர்ல போய் நின்னு..." என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். உறையைக் கிழித்தார். "தெரியாமச் செஞ்சதுதானே. விடுங்க. வீட்டுக்குப் போங்க, பஸ்ஸு போயிரும்" என்றார்.

தெரியாமல் செய்தது. அந்த இரண்டு வார்த்தையை வாங்கிக்கொண்டு நான் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கிடைத்துவிட்டது, காரியம் முடிந்தது, ஜன்னலோர சீட்டும் கிடைத்துவிட்டது. காவிரிப் பாலத்துக்கு முந்தைய நிறுத்தம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன். அங்கே என்ன ஆயிற்றோ, இறங்கிவிட்டேன். கண்டக்டர், "ஸ்ரீரங்கம் டிக்கெட் வாங்கிட்டு இங்க எறங்கறீங்களேம்மா?" என்று கத்தினார். அரை மணி நேரம் நடந்து லேபுக்குத் திரும்பினேன். அவர் கிழித்த உறையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "நேத்து மட்டும் தெரிஞ்சேதான் செஞ்சேன். உங்க முகத்தப் பாக்க முடியல" என்றேன்.

இந்தமுறை சிரிக்கவில்லை. அறியாமல் நடந்ததை மன்னிப்பது சுலபம் கண்ணா. யாருக்கும் கை வலிக்காது. அவர் மெதுவாகச் சொன்னார்: "என்னைச் சந்தோஷப்படுத்த என் சோதனைல பொய் போட்டீங்க. அப்ப என்னை என்னன்னு நெனச்சீங்க? பொய்யக் குடுத்தா வாங்கிக்கிட்டுச் சிரிக்கிற குழந்தைன்னா?" அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் வேடிக்கையைக் கேள்: எங்கள் லேபில்தான் பேசவே கூடாதே! மின்விசிறி நின்றிருக்கிறது, இருவரும் வாயை மூடிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், இழை பறக்கவில்லை. நாங்கள் சண்டை போட்டிருப்பது புரொபசருக்குக்கூடத் தெரியவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஒழுங்கு!" என்று பாராட்டிவிட்டுப் போனார். அந்தப் புரொபசரிடமும் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு மாசமா உன் எச்சிலுக்கா நான் உயிர்க்கடிகாரம்னு பேர் வெச்சேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றே எல்லாப் பிப்பெட்டுக்கும் வாய்க்குப் பதிலாக உறிஞ்ச ரப்பர் பல்பு வாங்கி மாட்டினார். பாய் கடைக்கும் நடந்தேன். "தப்பு எங்கிட்டதான் பாய்" என்றேன். அவர், "அது எனக்கு அன்னிக்கே தெரியும்மா, நீங்க செருப்பையே பாத்தீங்கல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலை என் மேஜையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு டப்பி. பக்கத்தில் ஒரு சோதனைக் குழாய், அதில் அவர் கையெழுத்தில் ஒட்டிய சீட்டு: மாதிரி எண் ஒன்று. தலையைத் தூக்கினேன். உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். "எது அட்ரினலின், எது அது மாதிரி வேஷம் போடறதுன்னு பிரிச்சுக் காட்டணும்ல. அதுக்கே ஒரு அத்தியாயம் வேணும்" என்றார். பிறகு, "மெல்லுங்க" என்றார். மென்றேன். "நல்லா மெல்லுங்க." அத்தனை நாளைக்கப்புறம் கேட்ட குரல். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து புரையேறிவிட்டது. அவரே தண்ணீர் கொடுத்தார். மாதிரி எண் இரண்டு பில்டர் காபி, மூன்று டீ, நான்கு வாழைப்பழம் என்று அந்த வருஷம் முழுக்க நான் லேபில் தின்று தீர்த்தேன். ஸ்காலர்ஷிப் நின்றுவிட்டதால் சாயங்காலங்களில் தில்லை நகரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே அவர் தீசிஸை முடித்தார். மலையெல்லாம் போய்விட்டது. ரப்பர் பல்பு வைத்து எடுத்த சுத்தமான நீரிலும் மறுபடி மறுபடி எழுந்தது அந்தக் காலை நேரத்து எறும்புப் புற்று ஒன்றுதான்.

வாய்மொழித் தேர்வுக்கு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் தீசிஸைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "நாலு வருஷம் உழைச்சிருக்கீங்க. இந்தச் சின்ன மேடுதானா?" அறையில் எல்லாருக்கும் சங்கடம். புரொபசர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். உன் அப்பா முந்திக்கொண்டார்: "ஆமா சார். அவ்வளவுதான் இருந்துச்சு." பரீட்சகர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். அப்புறம் தீசிஸில் அந்த மேடு இருந்த பக்கத்துக்கே திரும்பிப் போய், நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார். நான் அந்த நிமிஷத்தில் முடிவு பண்ணிவிட்டேன். அவருக்குத்தான் தெரியாது; வராந்தாவில் நான் சொன்னபோது பாவம், கையிலிருந்த தீசிஸைக் கீழே போட்டார்.

ஆகவே மகனே, உன் மாமியாரிடம் சொல்: லவ்வுமில்லை, பெரியவர்கள் பார்த்ததுமில்லை, ரிசர்ச்தான். நீயும் உன் வருங்கால மனைவியும் ஒருவரையொருவர் சந்தோஷப்படுத்த என்னவெல்லாமோ செய்வீர்கள். செய்யுங்கள். பூ வாங்கு, சினிமாவுக்குப் போ, அவள் வைத்த ரசத்தை ஆஹா என்று சொல், அதில் கொஞ்சம் பொய் இருந்தால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் அவள் எதை வைத்து உலகத்தை அளக்கிறாளோ, அதில் மட்டும் கை வைக்காதே. கை வைத்துவிட்டால், சுலபமான பாதியைச் சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போய்விடாதே. பாலம் தாண்டுவதற்குள் இறங்கு.

வாய்மொழித் தேர்வு நடந்த அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் அம்மாவிடம் விஷயத்தை உடைத்தேன். இரண்டு வீட்டிலும் பிறகு எட்டு மாதம் நடந்த கூத்தெல்லாம் உனக்கு மனப்பாடம். ஆனால் முதல் நிமிஷத்தில் அம்மா கோபித்துக்கொள்ளவே இல்லை, தெரியுமா? காவிரி வெள்ளம் ஒருமுறை எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வந்து, அரிசி மூட்டையை அடித்துக்கொண்டு போனதிலிருந்து அவருக்கு உலகத்தில் ஒரே கவலைதான். அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏண்டி, பையன்கிட்ட சொத்துன்னு என்ன இருக்கு?"

"ஒரு சின்ன மேடும்மா."

"அவனோடதேதானா? யாராவது வந்து எங்களோடதுன்னு சொல்ல மாட்டாளே?"

"அவரோடதேதான். சோதிச்சுப் பாத்தாச்சு."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மேடா? நல்லதாப் போச்சு போ. எத்தன வெள்ளம் வந்தாலும் ஏறாது."